கிழக்கு அறைக்கு ஓர் ஓக் மரம்

வெதர்ஃபென் கிராமம், சஃபோக்
1561 ஜூலை 9

லண்டனில் இருக்கும் திருமதி சிபில் ஹாரோபி அம்மா அவர்களுக்கு, தங்கள் குத்தகைக்காரன் கில்பர்ட் தோர்ன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இது மூன்றாவது கடிதம். ஈஸ்டருக்கு முன்னால் ஒன்றும், மே மாதத்தில் ஒன்றும் கம்பளி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டும் வந்து சேர்ந்தனவா என்று தெரியவில்லை.

விஷயம் அதேதான். வீட்டின் கிழக்கு அறைச் சுவரைத் தாங்கும் அடிக்கட்டை உளுத்துவிட்டது. கத்தியைச் செருகினால் கைப்பிடிவரை இறங்குகிறது. அதன்மேல் நிற்கும் மூலைத் தூண் நான்கு விரல்கடை உட்கார்ந்துவிட்டதால், சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மூன்று இடத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறேன். தச்சர் வந்து பார்த்தார். ஒரே ஒரு நல்ல ஓக் மரம் கிடைத்தால் கட்டைக்கும் தூணுக்கும் போதும், ஒரு வார வேலை என்கிறார்.

ஹாரோபி ஐயா எழுதிக்கொடுத்த குத்தகைப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. கூரையும் மண்பூச்சும் குடியிருப்பவன் பொறுப்பு, பெரிய மரங்கள் உடையவர் பொறுப்பு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நானாக ஒரு மரத்தை வெட்டினால் குத்தகையே போய்விடும். அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அந்த அறையில்தான் என் மனைவி லெட்டிஸ் படுத்திருக்கிறாள். போன குளிர்காலக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தங்களுக்கு அவளை நினைவிருக்கும். ஐயா இறந்த அன்று பெரிய வீட்டுக்கு வந்து அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியவள்.

தங்கள் காரியஸ்தர் ரால்ஃப் பைன் ஏப்ரலில் வந்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை.

"வீடு நிக்குதில்ல? நிக்கிற வீட்டுக்கு எதுக்குய்யா மரம்?" என்றார்.

"விழுந்தப்புறம் கேட்டா, விழுந்த வீட்டுக்கு எதுக்கு மரம்பீங்க" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஜூனில் இடி விழுந்து எரிந்த புனித பவுல் தேவாலயத்துக்கு அரசியார் தம் காடுகளிலிருந்து ஆயிரம் வண்டி மரம் கொடுக்கிறாராம், வண்டிக்காரர் சொன்னார். நான் கேட்பது ஒன்று.

கில்பர்ட் தோர்ன்

ஹோல்பர்ன், லண்டன்
1561 ஆகஸ்ட் 20

கில்பர்ட் தோர்னுக்கு,

உமது மூன்று கடிதங்களும் வந்தன. முதல் இரண்டுக்கும் பதில் எழுதாததற்குக் காரணம், சொல்வதற்குப் பதில் இல்லாததுதான். இப்போதும் இல்லை. மூன்று முறை கேட்டவருக்கு ‘இல்லை’ என்றாவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் கணவரின் மூத்த தாரத்து மகன் எட்மண்ட் என்மேல் வழக்குப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. நிலங்கள் என் ஆயுள்வரை என்னுடையவை. அவற்றின்மேல் நிற்கும் மரங்கள் தன்னுடையவை என்கிறான் அவன். வழக்கு முடியும்வரை ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்பது நீதிமன்றத்தின் உத்தரவு. நான் ஒரு கிளையை ஒடித்தால் போதும், சொத்தை அழிக்கிறாள் என்று எழுதிக்கொடுக்க அவனுடைய வக்கீல் காத்திருக்கிறார்.

மரம் இருக்கட்டும். காரியஸ்தரிடம் விசாரித்தேன். "கிழக்குப் பக்கக் கூரை வேஞ்சு நாலு வருஷமாச்சும்மா, பாசி புடிச்சுக் கெடக்கு" என்று சொன்னார். உமது கூரை வழியாக இறங்கிய தண்ணீரில்தான் என் கட்டை உளுத்திருக்கிறது. பத்திரத்தை எனக்கு நினைவூட்டுவதற்கு முன்னால், அதன் முதல் வரியை நீரும் ஒருமுறை படித்திருக்கலாம்.

வழக்குக்காக நான் இங்கே ஒரு கையுறைக் கடையின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பிப்ரவரியில் ஜன்னல் சட்டம் கழன்று தெருவில் விழுந்தது. வீட்டுக்காரர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து ஆணியடித்துவிட்டு, "காத்து நல்லதும்மா" என்று சொல்லிப் போனார். இன்றுவரை அந்தச் சாக்குதான். ஆகவே எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

லெட்டிஸ் படுத்திருப்பதை நான் அறியவில்லை. வருந்துகிறேன்.

சிபில் ஹாரோபி

வெதர்ஃபென்
1561 செப்டம்பர் 30

அம்மா அவர்களுக்கு,

காரியஸ்தர் சொன்னது பொய்யில்லை. நான்கு வருடமாகக் கூரை வேயவில்லை.

முதல் வருடம் ஊரெல்லாம் காய்ச்சல். எங்கள் மகன் மார்க் போனான். பதினேழு நாள் கழித்து அவன் தங்கை ஜோனும் போனாள். அந்த வருடம் கூரைமேல் ஏற இந்த ஊரில் ஆள் இல்லை, குழி தோண்டத்தான் ஆள் இருந்தது. இரண்டாம் வருடம் மழையில் பயிர் அழுகி வைக்கோலே இல்லை. மூன்றாம் வருடம் வைக்கோல் இருந்தது. ஏணியைச் சாத்திவிட்டு அதன் அடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான்காம் வருடம் லெட்டிஸ் படுத்துவிட்டாள். இதையெல்லாம் பத்திரத்தின் எந்த வரியில் எழுதுவது?

தங்கள் கடிதம் வந்தபிறகு வெட்கமாக இருந்தது. அறுவடை முடிந்த கையோடு பக்கத்து வீட்டு ஹாப்பைச் சேர்த்துக்கொண்டு ஐந்து நாளில் கிழக்குக் கூரையை வேய்ந்து முடித்தேன். உள்ளே படுத்திருந்த லெட்டிஸ், "மேல யாருய்யா, எலியா, எம் புருஷனா? எலியா இருந்தா இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்குமே" என்று சத்தம் போட்டாள். அவள் அப்படிப் பேசி ரொம்ப நாளாகிவிட்டது.

என் பங்கு முடிந்தது. இனித் தங்கள் பங்கு.

போன வாரப் புயலில் ஆலைப் புல்வெளியின் எல்லையில் இருந்த ஓக் மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அதை யாரும் வெட்டவில்லை. கோடாரியே படவில்லை. அதை எடுத்துக்கொள்ள ஒரு வரி அனுமதி எழுதினால் போதும். சுவர் இன்னும் ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது.

கில்பர்ட் தோர்ன்

ஹோல்பர்ன்
1561 அக்டோபர் 18

கில்பர்ட் தோர்னுக்கு,

வக்கீலிடம் கேட்டேன். "விழுந்த மரமும் மரம்தாம்மா. அது காத்துல விழுந்துச்சா, கயிறு கட்டி இழுத்தாங்களான்னு எட்மண்டோட வக்கீல் கேப்பாரு. காத்து வந்து சாட்சி சொல்லுமா?" என்றார். ஆகவே அனுமதி இல்லை. அந்த மரத்தை நீர் தொடக்கூடாது. இதைத் தெளிவாகவே எழுதுகிறேன், பிறகு ஒரு குழப்பமும் வரக்கூடாது.

பாலத்தடிக் குடிசை காலியாக இருக்கிறது. குளிர்காலத்துக்கு லெட்டிஸை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். காரியஸ்தரிடம் சாவி இருக்கிறது.

உங்கள் மகன் இறந்தது எனக்குத் தெரியும். மகளைப் பற்றித் தெரியாது. அந்த வருடம் நான் என் வீட்டுச் சாவைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் மனதில் வாங்கியிருக்கமாட்டேன்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். எனக்கு அலுத்துவிட்டது, கில்பர்ட்.

சிபில் ஹாரோபி

வெதர்ஃபென்
1561 நவம்பர் 12

அம்மா அவர்களுக்கு,

காரியஸ்தர் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். மரத்தை எடுத்துவிட்டேன்.

பாலத்தடிக் குடிசையைப் போய்ப் பார்த்தேன். தரையில் ஆற்றுத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. லெட்டிஸிடம் சொன்னேன். "அங்க ஏற்கெனவே தவளை குடியிருக்குதுய்யா. அதுங்களயாவது காலி பண்ணாம விடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மரத்த எடுத்துட்டு வா. அவங்க கேஸ் முடியிறதுக்குள்ள என் கேஸ் முடிஞ்சிரும்" என்றாள்.

ஹாப்பின் எருதுகளைப் பூட்டி மரத்தை இழுத்து வந்தோம். தச்சர் மூன்று நாளில் செதுக்கி முடித்தார். லெட்டிஸைக் கட்டிலோடு கூடத்துக்கு மாற்றி அடுப்புப் பக்கம் போட்டோம். நான்காம் நாள் காலையில் உளுத்த கட்டையை அறுத்து எடுத்தோம். புதுக் கட்டையைத் தூக்கி வைக்கப் போகும் நேரத்தில் பைன் வந்தார். கூட ஊர்க்காவலரும் இரண்டு ஆட்களும்.

"வேலைய நிறுத்துய்யா. இது எட்மண்ட் ஐயாவோட மரம்."

"ஐயா, சுவத்தத் தொறந்து போட்டிருக்கேன். நாளைக்கு ஒரு நாள் விடுங்க. அப்புறம் என்னைக் கட்டி இழுத்துட்டுப் போங்க, பேசாம வர்றேன்."

"மரம் அவரு கவலை. சுவர் உன் கவலை" என்றார். தங்கள் காரியஸ்தர் இப்போது எட்மண்ட் ஐயா பக்கம்போல.

செதுக்கிய கட்டையைச் சங்கிலி போட்டுப் பூட்டி என் முற்றத்திலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். சமையலறைக் கதவிலிருந்து எட்டு அடி. கிழக்குச் சுவர் இப்போது முட்டுகளின்மேல் மட்டுமே நிற்கிறது. கீழே இருக்கும் திறப்பை ஆட்டுத்தோலாலும் தட்டிகளாலும் அடைத்து வைத்திருக்கிறேன். கூடத்துப் புகையில் லெட்டிஸ் இருமிக்கொண்டே இருக்கிறாள்.

கில்பர்ட் தோர்ன்

ஹோல்பர்ன்
1561 நவம்பர் 27

கில்பர்ட் தோர்னுக்கு,

நான் ‘தொடக்கூடாது’ என்று எழுதினேன்.

என் வக்கீல் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறார். மரம் என் அனுமதி இல்லாமல், எனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. ஜனவரி விசாரணைக்கு முன் நான் அதில் கையெழுத்திட வேண்டும். இட்டால் என் வழக்குக்குச் சேதம் வராது. நீர் குத்தகையை இழப்பீர், திருட்டுக் குற்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் அக்டோபர் கடிதம் நீர் மரத்தை எடுப்பதற்கு முன்னால் கைக்கு வந்ததா, பின்னால் வந்ததா? வண்டிகள் தாமதமாவது உண்டு. பின்னால்தான் வந்தது என்றால், தெரியாமல் செய்தார் என்று உமக்காகப் பேச வழியிருக்கிறது. யோசித்து எழுதும்.

சிபில் ஹாரோபி

வெதர்ஃபென்
1561 டிசம்பர் 16

அம்மா,

இடது கையால் எழுதுகிறேன். கோணலுக்கு மன்னிக்கவும்.

கடிதம் முன்னால்தான் வந்தது. லெட்டிஸுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பிறகுதான் எருதுகளைப் பூட்டினேன்.

பதினொன்றாம் தேதி முற்பகல் சுவர் விழுந்துவிட்டது. பனி உருகி மண் இளகியதில் ஒரு முட்டு நழுவியது. அதை அடித்து நிறுத்த நான் கீழே இருந்தேன். வலது தோள் உடைந்தது. கிழக்கு அறையும் அதன் கூரையும் இல்லை, செப்டம்பரில் வேய்ந்த கூரை. கூடம் நிற்கிறது. லெட்டிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளேயிருந்து, "கதவ மெதுவா சாத்தத் தெரியாதா?" என்று கத்தினாள். நான் பதில் சொல்லவில்லை என்றதும் ஊரைக் கூப்பிட்டவள் அவள்தான்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. நான் குறை சொல்லமாட்டேன்.

கில்பர்ட்

ஹோல்பர்ன்
ஜனவரி 26

கில்பர்ட் தோர்னுக்கு,

கையெழுத்திடவில்லை.

இடத்தான் உட்கார்ந்தேன். ‘பின்னால் வந்தது’ என்று நீர் எழுதியிருந்தால், இவரும் எல்லோரையும்போலத் தனக்குச் சாதகமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகக் கையெழுத்திட்டிருப்பேன். உமது கோணல் எழுத்து பக்கத்தில் கிடந்தது. வீட்டுக்காரரின் சாக்கு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை என்று உமக்கு எழுதினேனே, அது உண்மையில்லை. அவற்றை நான் பிரிக்கவே இல்லை. ஈஸ்டரில் வந்த கடிதம் ஆகஸ்டில்தான் பிரிக்கப்பட்டது. ஈஸ்டரில் ஒரு மரத்துக்காக நான் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கலாம், வீடு பழுதுபார்க்கத்தானே என்று கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

எனவே வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து, அந்த மரத்தை எடுத்துக்கொள்ள அக்டோபரில் நானே எழுத்து மூலம் அனுமதி கொடுத்தேன் என்று சொன்னேன். சத்தியம் செய்து நான் சொன்ன முதல் பொய் இது. சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு குத்தகைக்காரனுக்காகவாம்மா?"

"ரெண்டு வருஷமா நாம இங்க ஒண்ணும் உருப்படியா செய்யல. ஒரு சுவராவது எழும்பட்டும்" என்றேன்.

நீதிமன்ற உத்தரவை மீறிய குற்றம் இனி என்னுடையது, உம்முடையதில்லை. விழுந்த மரம், வீட்டுப் பழுதுக்கு என்பதால் சங்கிலியை எடுக்க உத்தரவு வரும். ஆனால் எட்மண்டின் ஆட்கள் அந்த அக்டோபர் கடிதத்தைக் கேட்டு உம்மிடம் வருவார்கள். அது அவர்கள் கைக்குப் போகக்கூடாது. என்ன செய்வது என்று நான் எழுதமாட்டேன். உமக்குப் புரியும்.

தோள் எப்படி இருக்கிறது?

சிபில் ஹாரோபி

வெதர்ஃபென்
பிப்ரவரி 19

அம்மா அவர்களுக்கு,

வந்தார்கள். பைனும், எட்மண்ட் ஐயாவின் எழுத்தர் ஒருவரும். பெட்டி, பரண், மாவுத் தொட்டி எல்லாவற்றையும் துழாவினார்கள். கடைசியில் கூடத்தில் லெட்டிஸின் கட்டில் பக்கம் வந்து நின்றார்கள்.

"தேடணுமா? தேடுங்க" என்றாள் அவள். "நானா எந்திரிக்க முடியாது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்குங்க. காலைலேர்ந்து துணி மாத்தல, அதையும் சேத்து மாத்தி விட்டுட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்."

எழுத்தர் பைனைப் பார்த்தார். பைன் சுவரைப் பார்த்தார். கடிதம் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் போனபின் கடிதத்தை எரித்துவிடலாம் என்றேன். அவள் தரவில்லை. தான் சாகும்வரை தன் முதுகுக்குக் கீழேயே இருக்கட்டும் என்கிறாள். ஜோனைப் பற்றித் தாங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களாம். ஜோன் போனபின் அவளைப் பற்றி எழுத்தில் இருப்பது, தேவாலயப் பதிவேட்டை விட்டால், அந்த ஒரு வரிதானாம். நான் வற்புறுத்தவில்லை.

சங்கிலி எட்டு நாளுக்கு முன் அவிழ்க்கப்பட்டது. ஹாப்பும், தச்சரும், கேட்காமலே வந்த நான்கு பேரும் சேர்ந்து கட்டையை வைத்தார்கள். தூண் நிறுத்தியாயிற்று. மேல் சட்டங்களில் பாதி பழையதையே திரும்பப் போட முடிந்தது. நான் ஒரு முளைக்குச்சியைக்கூடத் தூக்க முடியாமல் வாளியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியர், தோள் கூடிவிடும், ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இனிக் கூரைக்கு வேறு ஆள்தான் பார்க்க வேண்டும்.

தங்களையும் தங்கள் பொய்யையும் ஞாயிறன்று தேவாலயத்தில் நினைத்துக்கொண்டேன்.

கில்பர்ட் தோர்ன்

ஹோல்பர்ன்
மார்ச் 18

அன்புள்ள கில்பர்ட்,

வழக்கு முடிந்தது. ஜெயித்ததா தோற்றதா என்று கேட்டால், முடிந்தது என்பதுதான் பதில்.

கடிதம் கிடைக்கவில்லை என்றதும் எட்மண்டின் வக்கீல் என்னைத் திரும்பக் கூண்டுக்கு அழைக்கப் பார்த்தார். அதே பொய்யை இரண்டாம் முறை சொல்ல என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். எனவே சமரசத்துக்குச் சம்மதித்தேன். நிலங்களும் பெரிய வீடும் இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி முதல் எட்மண்டுக்கு. எனக்கு வருடந்தோறும் ஒரு தொகை வரும், ஒரு பெண் சாப்பிட்டு உடுத்த அது போதும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் குத்தகையில் மீதமிருக்கும் பதினொரு வருடமும் அப்படியே நிற்கும். மரம் கேட்டால் நாற்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று சமரசப் பத்திரத்தில் எழுதி, அவனுடைய முத்திரையும் வாங்கியிருக்கிறேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. பைனை நம்பாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்தாம் தேதிக்குப் பிறகு நான் உங்களுக்கு ஒன்றும் இல்லை. புகார் எழுத வேண்டியது எட்மண்டுக்கு. அவன் கடிதங்களைப் பிரிப்பவன் என்றுதான் நினைக்கிறேன்.

வழக்கு இல்லாமல் லண்டனில் எனக்கு வேலை இல்லை. ஈலியில் என் ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள். அவளுக்கு எழுதி ஒரு மாதமாகிறது, பதில் வரவில்லை. மே மாதம் இந்த அறைகளைக் காலிசெய்ய வேண்டும்.

லெட்டிஸுக்கு என் அன்பு.

சிபில் ஹாரோபி

வெதர்ஃபென்
1562 ஏப்ரல் 21

அம்மா அவர்களுக்கு,

தாங்கள் இனி எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்ததை லெட்டிஸுக்குப் படித்துக் காட்டினேன். "அத அவங்க மட்டும் முடிவு பண்ணாப் போதுமா?" என்று கேட்டாள்.

போன வாரம் அவளைக் கிழக்கு அறைக்குத் திரும்பக் கொண்டுபோனோம். மண்பூச்சு இன்னும் முழுதாகக் காயவில்லை, அறையில் ஈர வாசனை. ஜன்னல் இப்போது நன்றாக மூடுகிறது. ஒரு நாள் முழுக்க அதைத் திறக்கவும் மூடவும் சொல்லி என்னை ஓய்ந்துபோக வைத்தாள். இருமல் குறைந்திருக்கிறது. கால்கள் அப்படியேதான்.

அன்றைக்கு இருட்டுவதற்கு முன்னால், "ஏய்யா, மேற்கு அறைய என்ன பண்ணப்போற?" என்று கேட்டாள். அது மார்க்கும் ஜோனும் இருந்த அறை. மூன்றரை வருடமாக நாங்கள் இருவரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை, அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. நான் ஜன்னலை இன்னொரு முறை மூடினேன். "அந்த அம்மாவ அங்க வந்து இருக்கச் சொல்லு. ஈலிக்காரி பதில் போடுற வரைக்கும் ஒருத்தி வழியிலயா நிப்பா? கூச்சப்பட்டா, எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்னு எழுது. உங்கூடப் பேசிப் பேசி என் வாயே வத்திப்போச்சுன்னு எழுது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நேற்றுக் கதவைத் திறந்தேன். கீல் துருப்பிடித்திருந்தது, மற்றபடி அறைக்கு ஒரு குறையும் இல்லை. ஹாப்பின் மனைவி வந்து பெருக்கிக் கழுவிக் கொடுத்தாள். ஜோனின் சட்டைகளை அவள் கேட்டாள். கொடுத்துவிட்டேன். மார்க்கின் தொப்பி ஒன்று ஆணியில் மாட்டியிருக்கிறது. அதை எடுக்க என்னால் முடியவில்லை. தங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் வந்தபின் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

பெரிய வீட்டில் இருந்தவர்களுக்கு இது சின்ன இடம்தான். பார்லி ரொட்டியும் பட்டாணிக் கூழும் பாலாடைக்கட்டியும்தான் எங்கள் சாப்பாடு. எட்மண்ட் ஐயா அனுமதிப்பாரா என்று யோசித்தேன். பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். என் வீட்டில் யார் தங்கலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வண்டிக்காரர் மே மாதம் பத்தாம் தேதி ஹோல்பர்ன் வழியாகத் திரும்புகிறார். பெட்டிகள் எத்தனை என்று மட்டும் அவரிடம் சொல்லியனுப்புங்கள்.

கில்பர்ட் தோர்ன்